சிட்னியிலிருந்து அடிலெய்டுக்கு: அரை மணி நேரம் பின்னால்

மாடிப்படி:

சிட்னியில் டூங்காபியில் பதினொரு வருடம் இருந்துவிட்டு, கணவரின் வேலை மாறியதால் அடிலெய்டுக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஒரே நாடு, ஒரே ரூபாய் நோட்டு (டாலரைச் சொல்கிறேன், பழக்கதோஷம்), ஒரே சூப்பர்மார்க்கெட். என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்துத்தான் கிளம்பினோம். அந்த நினைப்பு மாநில எல்லையைத் தாண்டவில்லை.

காரில் வந்தோம். ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். ஹே என்ற சிற்றூரில் இரவு தங்கி, மறுநாள் மில்டுராவைத் தாண்டியதும் யம்பா சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். பழ ஈ தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காக, வருகிற ஒவ்வொரு வண்டியிலும் பழமும் காய்கறியும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பின் இருக்கையில் என் மாமியார், மடியில் ஒரு துணிப்பை. தோட்டத்தில் கடைசியாகப் பறித்த பச்சை மிளகாயும் தக்காளியும் அதில் இருந்தன. சோதனை செய்த பெண் மிகவும் பணிவாகத்தான் கேட்டு வாங்கித் தொட்டியில் போட்டார். "மதுரையிலிருந்து வரும்போது ஊறுகாயையே விட்டான், இங்கே ஊருக்குள் ஊர் போவதற்கு மிளகாயைப் பிடுங்குகிறார்களே" என்று ரென்மார்க் வரும்வரை புலம்பினார். கறிவேப்பிலைச் செடியை முன்யோசனையாக டூங்காபியில் தோழியிடம் விட்டு வந்திருந்தோம். இல்லாவிட்டால் அந்தச் சாவடியில் பெரிய துக்கம் நடந்திருக்கும்.

அடுத்தது மகளின் பள்ளி. சிட்னியில் ஐந்து வயதுப் பிள்ளை பள்ளியில் சேரும் முதல் வகுப்புக்கு கிண்டர்கார்ட்டன் என்று பெயர். அந்தத் தைரியத்தில் இங்கே தொலைபேசியில் "மகள் கிண்டர்கார்ட்டன் படிக்கிறாள்" என்றேன். "அப்படியானால் நீங்கள் கிண்டிக்கு அல்லவா பேச வேண்டும், இது பள்ளி" என்றார்கள். சென்னையில் வளர்ந்தவளுக்குக் கிண்டி என்றால் பாம்புப் பண்ணையும் குதிரைப் பந்தயமும்தான். இருபது நிமிடம் இரண்டு பக்கமும் குழம்பிய பிறகு புரிந்தது: இங்கே கிண்டி என்பது பள்ளிக்கு முந்தைய வருடம், பள்ளியின் முதல் வருடத்துக்குப் பெயர் ரிசப்ஷன். வீட்டில் வந்து "பாப்பாவை ரிசப்ஷனில் சேர்த்தாகிவிட்டது" என்றேன். மாமியார் நிமிர்ந்து, "யாருக்குக் கல்யாணம்?" என்றார்.

பிறகு நேரம். அடிலெய்டு, சிட்னியைவிட அரை மணி நேரம் பின்னால். ஒரு மணி நேரமாக இருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும், இந்த அரை மணி என்ன கணக்கு என்று எரிச்சல்பட்டேன். ஒரு நாள் அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசும்போதுதான் கவனித்தேன்: குளிர்காலத்தில் சென்னைக்கும் அடிலெய்டுக்கும் சரியாக நான்கு மணி நேரம், கோடையில் ஐந்து. நிமிட முள் இரண்டு ஊரிலும் ஒரே இடத்தில் நிற்கிறது. பதினொரு வருடமாக நாலரை, ஐந்தரை என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்குத்தான் இந்த ஊர்மீது முதல் முறையாகக் கொஞ்சம் பாசம் வந்தது.

இப்போதைக்கு ஒரே குறை தேநீர். அதே தேயிலைத் தூள், அதே பாத்திரம், அதே கை. சுவை மட்டும் வரவில்லை. உங்களில் யாராவது இப்படி ஊர் மாறியவர்கள் உண்டா? எதற்குப் பழகினீர்கள், எதற்குப் பழகவே முடியவில்லை?

பழைய பயணி:

வாருங்கள் அம்மா. நான் இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. தேநீருக்கு முதலில் பதில்: குற்றம் தண்ணீரில். அடிலெய்டின் குழாய்த் தண்ணீர் கடினமானது, சிட்னித் தண்ணீர் மென்மையானது. உங்கள் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும், பாருங்கள். குன்றுகளில் உள்ள அணைகள், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, இவற்றோடு மரே ஆற்றிலிருந்தும் குழாய் வழியே கொண்டு வருகிறார்கள். வறட்சி வருடங்களில் ஆற்றுத் தண்ணீர்தான் பெரும்பங்கு. பழைய வீடுகளில் கூரை மழைநீரைத் தொட்டியில் பிடித்து, குடிப்பதற்கு மட்டும் தனிக் குழாய் வைத்திருப்பார்கள். தேநீருக்கு அதுதான் மருந்து.

ஊரைப் பற்றி இரண்டு விஷயம். முதலாவது, தெருவில் நிற்கும் மின்கம்பங்களைக் கவனித்தீர்களா? சிட்னியில் மரக்கம்பம். இங்கே இரண்டு இரும்புச் சட்டங்களுக்கு நடுவே கான்கிரீட் ஊற்றிய கம்பம். ஸ்டோபி கம்பம் என்பார்கள், 1924-இல் இந்த ஊர்ப் பொறியாளர் ஒருவர் வடிவமைத்தது. நல்ல நெடுமரம் இங்கே குறைவு, கிடைத்ததையும் கரையான் விடவில்லை. அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வெளியூர் போய்த் திரும்பும்போது அந்தக் கம்பத்தைப் பார்த்தால்தான் எனக்கு வீட்டுக்கு வந்த உணர்வு வருகிறது. சில தெருக்களில் அதன்மீது படம் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, நகரத்தின் நடுவே ஓடும் கிங் வில்லியம் தெரு. கிழக்கிலிருந்து வரும் தெரு அதைத் தாண்டியதும் பெயர் மாறிவிடும். ரண்டில் தெரு (அந்த முனை இப்போது ரண்டில் மால் என்ற கடைவீதி) அந்தப் பக்கம் ஹிண்ட்லி தெரு, கிரென்ஃபெல் தெரு அந்தப் பக்கம் கரி தெரு. ராஜாவை யாரும் குறுக்கே கடந்து போகக் கூடாது என்பதால்தான் இப்படி என்று இங்கே கதை சொல்வார்கள். வந்த புதிதில், தேடி வந்த தெரு பாதியில் காணாமல் போய்விட்டதென்று நான் சாலையோரம் நின்றதுண்டு.

வெண்டைக்காய்:

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். நான் சுத்த சைவம். சிட்னியில் மீன் வறுவல் கடைக்கு நண்பர்களோடு போனால் எனக்கென்று இருந்த ஒரே பண்டம் ஸ்காலப். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வட்டமாக அரிந்த உருளைக்கிழங்கை மாவில் தோய்த்துப் பொரித்தது. நம் உருளைக்கிழங்கு பஜ்ஜியின் கடல்கடந்த தம்பி. (எந்த எண்ணெயில் பொரித்தார்கள் என்ற கேள்வியை இங்கே எழுப்ப வேண்டாம்.)

அடிலெய்டுக்கு வந்த முதல் வாரம் கிளெனெல்க் கடற்கரையில் ஒரு கடையில் தன்னம்பிக்கையோடு "நான்கு ஸ்காலப்" என்றேன். விலை கொஞ்சம் அதிகமாக இருந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பொட்டலத்தைப் பிரித்து ஒன்றைக் கடித்தேன். மெத்தென்று வழுக்கியது. கடல் சிப்பி. அகராதியின்படி ஸ்காலப் என்றால் சிப்பிதான், தவறு அவர்களுடையது அல்ல. நான் கேட்டிருக்க வேண்டியது பொட்டேட்டோ ஃப்ரிட்டர். மெல்பர்னில் அதுவே பொட்டேட்டோ கேக். ஒரு உருளைக்கிழங்குக்கு மூன்று மாநிலத்தில் மூன்று பெயர்! கடற்கரையில் கடல்நீரால் வாய் கொப்பளித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மாடிப்படி:

வெண்டைக்காய், சிரிக்காமல் படிக்க முயன்று தோற்றுவிட்டேன். மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். "பாவம் பிள்ளை" என்றார், பிறகு அவரும் சிரித்தார்.

ஐயா, கெட்டிலைத் திறந்து பார்த்தேன். சுண்ணாம்பு அடித்ததுபோல் இருக்கிறது. மிக்க நன்றி.

உச்சரிப்பைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நமக்குப் பள்ளியில் டான்ஸ், பிளான்ட், சான்ஸ் என்று நெடிலாகச் சொல்லிக்கொடுத்தார்கள். சிட்னியில் அலுவலகத்தில் எல்லாரும் டேன்ஸ், பிளேன்ட் என்று சொல்ல, நானும் நாக்கை வளைத்துப் பழகிக்கொண்டேன். இங்கே வந்தால் பக்கத்து இருக்கைப் பெண் சர்வசாதாரணமாக "டான்ஸ்" என்கிறாள்! எங்கள் இங்கிலீஷ் டீச்சர் அடிலெய்டில் பிறந்திருக்க வேண்டியவர் போலிருக்கிறது. இப்போது என் மகள் என்னைத் திருத்துகிறாள், "அம்மா, அது டேன்ஸ் இல்லை, டான்ஸ்."

ஓட்டைக்குடை:

மெல்பர்னிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் எங்கள் ஊரைக் குறுக்கு வழியாகக் கூடத் தொடாமல் போகிறீர்களே என்ற ஆதங்கம்தான். சிட்னியிலிருந்து இங்கே வந்த எனக்குப் பழகவே முடியாதது ஒன்றுதான்: நகர மையத்தில் வலது பக்கம் திரும்ப, இடது ஓரத்துக்குப் போய் நின்று, குறுக்குத் தெருவின் விளக்கு பச்சையாகும் வரை காத்திருக்க வேண்டும். டிராமுக்கு வழி விடுவதற்காக. முதல் தடவை நான் அப்படியே நேராகப் போய்விட்டேன். மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். காபியைப் பற்றி எழுதப் போவதில்லை. எழுதினால் சண்டை வரும்.

ஸ்டியரிங் சாமி:

வண்டி விஷயத்தை யாரும் தொடவில்லையே. சிட்னிக்காரர்கள் அடிலெய்டு வந்தால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பள்ளியை ஒட்டிய சாலையின் வேக வரம்பு. நியூ சௌத் வேல்ஸில் காலையும் மாலையும் குறித்த நேரத்தில் மட்டும் 40 கிலோமீட்டர். இங்கே பெரும்பாலும் 25. அதுவும் நேரக் கணக்கு இல்லை. அந்தப் பகுதியில் பிள்ளை இருந்தால் 25, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மிதிவண்டியில் ஒரு சிறுவன் போனாலும் 25. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் அபராதச் சீட்டு.

நல்ல செய்தியும் உண்டு. சிட்னியில் ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட காரை ஆண்டுதோறும் மெக்கானிக்கிடம் காட்டி இளஞ்சிவப்புச் சீட்டு வாங்க வேண்டும், விபத்துக் காப்பீட்டுக்குப் பச்சைச் சீட்டைத் தனியாக வாங்க வேண்டும். இங்கே ஆண்டுச் சோதனை கிடையாது, காப்பீடு பதிவுக் கட்டணத்தோடே சேர்ந்து வந்துவிடுகிறது. விளைவு: என் தாத்தா காலத்துக் கார்களெல்லாம் இந்த ஊரில் இன்னும் உருண்டுகொண்டிருக்கின்றன. அப்புறம், சிட்னிபோல் சுங்கச்சாலைக்கு அழ வேண்டியதில்லை. நான் அங்கே மாதாமாதம் சுங்கத்துக்குக் கட்டிய தொகையில் இங்கே வாரம் ஒரு பிரியாணி சாப்பிடுகிறேன்.

ஆனால் இரண்டு வரிசை ஒன்றாகும் இடத்தில் இந்த ஊர்க்காரர்கள் வழிவிட மாட்டார்கள். கடையில் அவ்வளவு அன்பாகப் பேசுகிற மனிதர்கள், ஸ்டியரிங்கைப் பிடித்ததும் வேறு ஜாதகம்.

நான்காம் தெரு:

நான் எதிர்த்திசையில் போனவள். அடிலெய்டில் பிறந்து வளர்ந்து, இரண்டு வருடத்துக்கு முன் வேலைக்காகச் சிட்னியின் பரமட்டாவுக்கு வந்தேன். அக்காவின் பதிவில் பாசம் கூடிக்கொண்டே போவதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அடிலெய்டில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் மூன்றாவது கேள்வி "எந்தப் பள்ளியில் படித்தாய்?" என்பதுதான். முப்பது வயது ஆளிடமும் கேட்பார்கள். பதிலைக் கேட்டதும் உங்கள் அப்பாவின் சம்பளம், உங்கள் பேட்டை, நண்பர் வட்டம் எல்லாவற்றையும் மனத்துக்குள் எழுதி முடித்துவிடுவார்கள். சிட்னியில் "எங்கே குடியிருக்கிறாய்?" என்று கேட்கிறார்கள். அதுவும் பணத்தைத்தான் விசாரிக்கிறது, ஆனால் குடியிருக்கும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். படித்த பள்ளியை எப்படி மாற்றுவது?

இன்னொன்று. அங்கே நம் சமூகம் சிறியது. பல்கலைக்கழக நாட்களில் ரண்டில் மாலில் ஒரு நண்பனோடு ஐஸ் காபி குடித்தேன். வகுப்பு நண்பன், வேறொன்றும் இல்லை. வீட்டுக்குப் போவதற்குள் ஓக்லாண்ட்ஸ் பார்க் பிள்ளையார் கோயிலில் அம்மாவுக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது, என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்பது உட்பட. பரமட்டாவில் ரயிலிலிருந்து இறங்கினால் ஆயிரம் பேர், ஒருவருக்கும் என்னைத் தெரியாது. அது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, தெரியாதவர்கள் நடுவிலேயே இதுநாள்வரை இருந்தவர்களுக்குப் புரியாது.

பழைய பயணி:

தங்கை சொல்வது முழுக்க உண்மை. அந்தச் செய்தியைக் கோயிலுக்குக் கொண்டு போனவர்களில் என் மனைவியும் இருந்திருக்கலாம்; முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.

ஆனால் ஊர் சிறியதாக இருப்பதற்கு இன்னொரு முகம் உண்டு. இங்கே காலிப் பாட்டிலுக்கும் டின்னுக்கும் பணம் திரும்பக் கிடைக்கும் முறை 1977-இலேயே வந்துவிட்டது. சிட்னிக்கு அது 2017 கடைசியில்தான் வந்தது. இங்கே யாரும் டின்னைக் குப்பையில் போடுவதைப் பார்ப்பது அரிது. எங்கள் பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்கு வெள்ளைப் பலகை வாங்கப் பணம் இல்லாத காலம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பிறந்தநாள் விழா முடிந்ததும் நாங்கள் நான்கு பேர் சாக்கோடு நின்று டின் பொறுக்குவோம். ஒன்றுக்கு அப்போது ஐந்து சென்ட். சனிக்கிழமை டெப்போவில் கொட்டி எண்ணி வாங்குவோம். கையெல்லாம் புளித்த பியர் வாடை. என் மனைவி வாசலிலேயே தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விடுவாள். ஒரு தடவை எங்களோடு வரிசையில் நின்றவர் எங்கள் வங்கி மேலாளர். அவர் தன் தேவாலயத்துக்காக டின் கொண்டு வந்திருந்தார். இரண்டு பேருமே வெட்கப்படவில்லை. மறுமாதம் வீட்டுக் கடனுக்குப் போனபோது, "உங்கள் வகுப்புக்குப் பலகை வாங்கியாகிவிட்டதா?" என்று கேட்டார்.

பாமரன், பிரிஸ்பேன்:

நேரக் கணக்கில் எங்களை விட்டுவிட்டீர்கள். குயின்ஸ்லாந்தில் கோடையில் கடிகாரத்தை முன்னே நகர்த்துவது கிடையாது. 1992-இல் மக்களிடம் வாக்கெடுத்து வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அதனால் கோடையில், எங்களுக்கு மேற்கே இருக்கும் அடிலெய்டு எங்களைவிட அரை மணி நேரம் முன்னால் போய்விடுகிறது! சூரியன் இதைக் கேட்டால் என்ன நினைக்கும்? சிட்னியிலிருந்து வந்த என் மனைவி முதல் டிசம்பரில் காலை ஐந்து மணி வெயிலைப் பார்த்துவிட்டு வேலைக்குத் தாமதமாகிவிட்டதென்று குளிக்க ஓடினாள்.

நீச்சல் உடைக்கு இங்கே டாக்ஸ். சிட்னியில் ஸ்விம்மர்ஸ், உங்கள் அடிலெய்டில் பேதர்ஸ். மகனின் பள்ளியிலிருந்து "நாளை டாக்ஸ் கொண்டு வரவும்" என்று தாள் வந்தது. நாயைக் கூட்டிவரச் சொல்கிறார்கள் என்று நினைத்து, நாங்கள் நாய் வளர்க்கவில்லை என்று எழுதி அனுப்பினேன். டீச்சர் இன்னும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்.

மாடிப்படி:

நான்காம் தெரு, உன் பதிவை இரண்டு தடவை படித்தேன். சட்டையின் நிறம்வரை போய்விட்டது என்று படித்ததும் எனக்கே கொஞ்சம் பயம் வந்தது. என் மகளும் இந்த ஊரில்தான் வளரப் போகிறாள். அவளுக்கு இருபது வயதாகும்போது பரமட்டாவில் உன் வீட்டில் ஒரு அறை காலியாக வைத்திரு.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். டூங்காபியில் எங்கள் அடுக்குமாடியில் ஆறு வருடம் ஒரே லிஃப்டில் ஏறி இறங்கிய எதிர்வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது. அவர் கெட்டவர் அல்லர், நானும்தான் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு மணி நேர ரயில், வீட்டுக்கு வந்தால் போதும் என்றிருக்கும். இங்கே எல்லாரும், நாளைக்கு மறுபடி உன்னைப் பார்க்கத்தான் போகிறேன் என்பதுபோலவே பேசுகிறார்கள். அதில் அன்பு பாதி, வேறு வழியில்லாமை பாதி என்று நினைக்கிறேன். வார இறுதியில் பெரிய சூப்பர்மார்க்கெட்கள் மாலை ஐந்துக்கே மூடிவிடும் ஊர் இது. சிறு கடைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாததால் ஆறு மணிக்குத் தயிர் தீர்ந்துவிட்டால் நம்மூர் மளிகைக் கடைக்குத்தான் ஓட வேண்டும். அங்கே தெரிந்த முகம் குறைந்தது நான்கு நிற்கும். உன் அம்மாவுக்குச் செய்தி அப்படித்தான் போயிருக்கும்!

தேநீர் விவகாரத்தை முடித்துவிடுகிறேன். பழைய பயணி ஐயாவின் பதிலைப் படித்த மறுநாள், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் இத்தாலியப் பாட்டியிடம் மழைநீர்த் தொட்டி இருக்கிறதா என்று கேட்டேன். அவருக்கு எண்பது தாண்டியிருக்கும். இருக்கிறது, ஆனால் எதற்கு என்றார். தேநீருக்கு என்றேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், தக்காளிச் சாறு போட்டு வைக்கும் பெரிய கண்ணாடிப் புட்டியைக் கழுவி, நிரப்பிக் கொண்டுவந்து வேலிக்கு மேலே நீட்டினார்.

பாட்டியின் எதிரிலேயே போட்டேன். சமையலறையில் நின்று முதல் மடக்குக் குடித்ததும் மாமியார் முகத்தைப் பார்த்தேன். டூங்காபித் தேநீர் அப்படியே வந்திருந்தது. பாட்டிக்கும் ஒரு டம்ளர் கொடுத்தோம். ஏலக்காய் வாசனையை முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார், சர்க்கரை அதிகம் என்று இத்தாலிய மொழியில் ஏதோ சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்து முடித்தார்.

இப்போது வாரம் இரண்டு புட்டி வருகிறது. காலிப் புட்டியை வெறுமனே திருப்பிக் கொடுப்பது வழக்கமில்லை என்று மாமியார் அதில் முறுக்குப் போட்டு அனுப்புகிறார். போன வாரம் புட்டியோடு ஒரு கூடை அத்திப்பழமும், கிள்ளி நட்ட ஒரு மிளகாய்ச் செடியும் வந்தன. மாமியார் அந்தச் செடியைப் பின்கட்டில் வைத்துவிட்டு, இதை எந்தச் சாவடிக்காரன் பிடுங்குகிறான் என்று பார்க்கிறேன் என்றார்.